நாலு வருடம் சத்தமான சைலன்சர்: எனக்குக் கேட்காமல் போன ஒரு சத்தம்

போன மாதம் எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்து முடித்த கையோடு, என்னைப் போலவே பழைய வண்டி வைத்திருக்கும் நண்பன் கேட்டான்: "மாப்ள, உன் வண்டில போட்டிருந்தியே, அதே மாதிரி சைலன்சர் நானும் போடலாம்னு இருக்கேன். எப்படி, நல்லா இருக்கா?" ரெண்டு வரியில் பதில் அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. 'நல்லா இருக்கு' என்றால் பொய் இல்லை. 'போடாதே' என்றாலும் பொய் இல்லை. அதனால் முழுசாகவே எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 22 வயது, ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், காற்றில் குளிரும் எஞ்சின், கார்புரேட்டர். தினமும் வேலைக்குப் போய்வருவது இதில்தான். கம்பெனி சைலன்சரைக் கழற்றி, குட்டையான, நேர்குழாய் சைலன்சர் மாட்டி நாலு வருடம் ஆகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே நல்லது. கம்பெனி சைலன்சருக்குள் புகை அறை அறையாக வளைந்து போய்த்தான் வெளியே வரும். ஒவ்வொரு அறையிலும் சத்தத்தில் கொஞ்சம் அடங்கிவிடும். நான் போட்டதில் அறையே கிடையாது. ஓட்டை போட்ட நேர்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு, அதற்கு மேல் ஓடு, அவ்வளவுதான். கீச்சென்ற சத்தத்தைப் பஞ்சு குடித்துவிடும், அடித்தொண்டைச் சத்தம் தப்பித்து வெளியே வரும். ஐட்லிங் நிமிடத்துக்கு 1,100 சுற்றில் நின்றால், இரண்டு சுற்றுக்கு ஒன்று வீதம் நொடிக்கு ஒன்பது வெடிப்பு. ஒவ்வொன்றையும் தனியாக எண்ணிவிடலாம் போல இருக்கும். குளிர்ந்த எஞ்சினை உதைத்து, முதல் வெடிப்பு நெஞ்சில் வந்து முட்டும் அந்த நொடிக்காகவே பல காலை சீக்கிரம் கிளம்பியிருக்கிறேன். எடையும் பாதிக்குக் கீழே வந்தது. நாலு வருடத்தில் துருவும் இல்லை, வெல்டிங்கும் விடவில்லை. செய்தவர் கை சுத்தம்.

இனி பிக்கப். மாட்டிய முதல் வாரம் வண்டி பறக்கிறது என்று நானே எல்லோரிடமும் சொன்னேன். சந்தேகம் வந்து, ஒரே மேட்டில், ஒரே கியரில், ஒரே வேகத்தில் தொடங்கி, இரண்டு சைலன்சரையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தேன். மேலே ஏறி முடிக்கும் நேரத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 3,000 சுற்றுக்குக் கீழே புதியது கொஞ்சம் மந்தம்கூட. 'பேக் பிரஷர் போயிடுச்சு, அதான்' என்பார்கள், அதாவது புகைக்கு இருந்த எதிர் அழுத்தம். அது சரியான விளக்கம் இல்லை. எந்த எஞ்சினும் தன் புகை தடுக்கப்படுவதை விரும்பாது. நடப்பது வேறு. ஒவ்வொரு வெடிப்பும் குழாயில் ஓர் அலையாக ஓடி, குழாய் திறந்து முடியும் இடத்தில் பட்டு, இழுக்கும் அலையாகத் திரும்பி வரும். கலவை உள்ளே வரும் வால்வும் புகை வெளியேறும் வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் அந்தக் கண நேரத்தில் அது வந்து சேர்ந்தால், பழைய புகையை உறிஞ்சிவிட்டுப் புதுக் கலவையை உள்ளே இழுத்துக் கொடுக்கும். எந்த வேகத்தில் அது சரியாக வந்து சேரும் என்பதைக் குழாயின் நீளம்தான் முடிவு செய்கிறது. கம்பெனிக்காரர்கள் அதைக் கணக்குப் போட்டு, நாம் தினமும் ஓட்டும் வேகத்துக்கு வைத்திருந்தார்கள். குட்டைக் குழாய் போட்ட அன்றே அந்தக் கணக்கு கலைந்துவிட்டது.

கார்புரேட்டரையும் சும்மா விட முடியாது. புகை தடையில்லாமல் போனால் காற்று கூடும், பெட்ரோல் அதே அளவுக்குக் கூடாது. 300 கிலோமீட்டரில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், முனை சுண்ணாம்பு வெள்ளை. லீனாக, அதாவது பெட்ரோல் குறைந்த கலவையில் ஓடி, எஞ்சின் தேவைக்கு மேல் சூடாகிக்கொண்டிருந்தது. பெட்ரோல் வரும் துளைகளான ஜெட்டுகளில் மெயின் ஜெட்டை இரண்டு அளவு, ஸ்லோ ஜெட்டை ஓர் அளவு ஏற்றிய பிறகுதான் பிளக் பழுப்புக்கு வந்தது. மைலேஜ் இறங்கியது. முறுக்கை விட்டதும் சைலன்சருக்குள் படபடவென்று வெடிப்பதைப் பலர் ரசிக்கிறார்கள், கேட்டு வாங்குகிறவர்கள்கூட உண்டு. அது எரியாத பெட்ரோல் சூடான குழாய்க்குள் போய்ப் பற்றுவது. என் வண்டியில் ஹெட்டும் (எஞ்சினின் மேல்பகுதி) பெண்ட் பைப்பும் (புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் வளைகுழாய்) சேரும் இடத்தில் கேஸ்கெட் வளையம் சரியாக உட்காராமல் காற்று உள்ளே புகுந்துகொண்டிருந்தது. புதுச் செம்பு வளையம் போட்டதும் வெடிப்பு நின்றது. சைலன்சரை மாற்றும் ஒவ்வொரு தடவையும் அந்த வளையத்தைப் புதிதாகப் போடுங்கள். பழையது ஒரு தடவை நசுங்கினால் நசுங்கியதுதான்.

ரீங்காரம் வேறு. டாப் கியரில் நான் வழக்கமாகப் போகும் வேகத்தில் எஞ்சின் 3,600 சுற்றில் இருக்கும், அதாவது நொடிக்கு 30 வெடிப்பு. சரியாக அந்த இடத்தில்தான் குழாய் ஒத்து அதிரும். ஹெல்மெட் அந்தத் தாழ்ந்த சத்தத்தை நிறுத்தாது. ஒரு மணி நேரம் ஓட்டி இறங்கினால் தலைக்குள் அது இன்னும் அரை மணி நேரம் ஓடும். சத்தமான சைலன்சர் வாங்குகிறவர்கள் எல்லோரும் அதை நின்ற இடத்தில் முறுக்கிக் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். ஓட்டுவதோ, மணிக்கணக்காக ஒரே சுற்றில்.

அளந்தும் பார்த்தேன். ஐ.எஸ்.ஓ 5130 என்ற சர்வதேச அளவீட்டு முறையில் நின்ற வண்டியை அளக்க, குழாய் முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி சாய்வில் மைக்கை வைக்க வேண்டும். கைபேசி காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது, ஆனால் இரண்டுக்கும் உள்ள இடைவெளியை நம்பலாம். கம்பெனி சைலன்சர் 86, புதியது 96. பத்து டெசிபல் என்றால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தோன்றும். மூன்றாம் வருடம் திரும்ப அளந்தபோது 101 காட்டியது. ஒவ்வொரு வெடிப்பும் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதி வெளியேற்றுகிறது, பழைய எஞ்சின் கசியவிடும் ஆயில் அதில் ஊறிக் கருகுகிறது. இதெல்லாம் மாதக்கணக்கில் நடந்ததால் எனக்குத் தெரியவேயில்லை. தெருவில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்த பிறகு, இரவில் வேலை முடிந்து வரும்போது தெருமுனையிலேயே எஞ்சினை அணைத்துத் தள்ளிக்கொண்டு வர ஆரம்பித்தேன். அப்படி ஒன்றரை வருடம். பல நாடுகளில் இப்படி மாற்றுவதே குற்றம், அபராதம் உண்டு. அபராதத்தைவிட அந்த வீட்டு ஜன்னல் விளக்கு எரிவதைப் பார்க்கும்போதுதான் எனக்கு உறுத்தியது.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். ஜெட் மாற்றலாம், பஞ்சு மாற்றலாம், காதுக்கு அடைப்பான் வைக்கலாம், வண்டியைத் தள்ளலாம். நாலு வருடம் நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். பதில் இல்லாமல் நின்றது போன மாதம்.

பஞ்சு மாற்றக் கழற்றியதால், பரணிலிருந்து கம்பெனி சைலன்சரை இறக்கி மாட்டி ஓட்டினேன். முதல் உதையிலேயே ஹெட் பக்கமிருந்து ஒரு சலசலப்பு. டப்பாவுக்குள் சில்லறையைப் போட்டுக் குலுக்கியது போல. முறுக்கை விடும்போது கூடும், ஏற்றினால் மறையும். நேராக மெக்கானிக்கிடம் போனேன். என் அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியைத் தொடும் கை அவருடையது. எஞ்சினை அணைக்கச் சொல்லவில்லை. ஸ்க்ரூடிரைவர் முனையை ஹெட்டில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார்.

"டைமிங் செயின் தம்பி."

பிரித்தால், எஞ்சின் சுற்றோடு வால்வு திறக்கும் நேரத்தைச் சேர்த்துவைக்கும் அந்தச் செயின் நீண்டு கிடக்கிறது. அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் கடைசிப் பல்லில் நிற்கிறது. செயின் தேய்த்து ஓடும் கைடில் ஒரு பக்கம் உதிர்ந்து, துண்டுகள் ஆயில் வடிகட்டியில் அடைத்திருந்தன. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் செயின் பல் தாண்டியிருக்கும். தாண்டினால் வால்வு திறக்கும் நேரம் பிசகும், பிஸ்டன் மேலே வரும்போது வால்வு கீழே நிற்கலாம். அதன் பிறகு ஹெட்டில் மிஞ்ச ஒன்றும் இருக்காது.

அவர் திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இது நேத்து வந்த சத்தம் இல்ல. ஆறு மாசமாவது கத்தியிருக்கும். உனக்குக் கேக்கவே இல்லையா?"

கேட்கவில்லை. பத்து வருடம் இந்த வண்டியைக் காதால்தான் பார்த்துக்கொண்டேன். மீட்டரில் எச்சரிக்கை விளக்கு ஒன்றும் கிடையாது, சென்சார் கிடையாது. வால்வைத் தள்ளும் டேப்பெட் எப்போது தளர்கிறது, பின்செயின் எப்போது காய்கிறது, கிளட்ச் பக்கம் எந்த பேரிங் முனகுகிறது, எல்லாமே சத்தம்தான். பழைய எஞ்சினுக்குத் தன் வலியைச் சொல்ல வேறு வழி இல்லை. அதன் குரலைப் பெரிதாக்குகிறேன் என்று நினைத்து, வெளியே போகும் புகையின் சத்தத்தைப் பெரிதாக்கி, உள்ளேயிருந்து அது பேசியதை மூடியிருக்கிறேன். இந்த ஒன்று எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. செலவானது போகட்டும், ஆறு மாதம் அது என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆக, நண்பனுக்குப் பதில்: பொருள் தரமானது, சத்தம் அழகு, செய்நேர்த்திக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். போடாதே. வாரத்துக்கு ஒருநாள் எடுத்து ஓட்டி, மாதம் ஒருமுறை பிரித்துப் பார்க்கிற வண்டி என்றால் கதை வேறு. தினமும் ஓட்டும் பழைய வண்டியில் போடவே போடாதே. உன் வண்டி சத்தம் குறைச்சலாக, உயிரில்லாமல் இருக்கிறது என்றால் முதலில் டேப்பெட், ஏர் ஃபில்டர், பெண்ட் பைப் வளையம் மூன்றையும் பார். கம்பெனி சைலன்சர் உள்ளே கரி பிடித்து அடைத்திருந்தால் அதைச் சுத்தம் செய். பாதி உயிர் அங்கேயே திரும்பி வரும். அதற்குப் பிறகும் மனசு கேட்கவில்லை என்றால் என்னுடையதை வந்து வாங்கிக்கொள் என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை. புதுப் பஞ்சு அடைத்துத் திரும்பி வந்ததைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். அதை விற்க மாட்டேன்.

ஜெட்டுகளைப் பழைய அளவுக்கே மாற்றியாகிவிட்டது. புது டைமிங் செயின், புது கைடு. இன்று காலை இரண்டாவது உதையில் பிடித்தது. செயின் சத்தமே இல்லை. எக்ஸாஸ்ட் பக்க டேப்பெட் மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் தூக்கலாக டிக் டிக் என்கிறது. கொஞ்சம் சத்தம் இருந்தால் நல்லதுதான். இறுகிப் போன டேப்பெட்தான் அமைதியாக இருந்துகொண்டே வால்வைக் கருக்கும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, இடைவெளி அளக்கும் கேஜ் விட்டுப் பார்க்கப் போகிறேன்.