பேனா முனை எங்கே: கியூட் கருவித்தொகுப்பின் சுட்டிக்குறி வசதி, ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் தொண்டூழியராகச் செல்லும் தமிழ் வகுப்பில், தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் பிள்ளைகள் திரையில் எழுத்துகளை வரைந்து பழகுவதற்காகச் சிறு செயலி ஒன்றைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதினேன். சாளரம், பொத்தான் முதலியவற்றுக்கு, பைத்தானிலிருந்து கியூட்டை அழைக்க உதவும் பைசைடு 6 வழியாகக் கியூட் (Qt) கருவித்தொகுப்பைப் பயன்படுத்தினேன். நம்மில் பலர் அதைக் ‘கியூ டி’ என்று எழுத்தெழுத்தாகச் சொன்னாலும், ‘கியூட்’ என்பதே அதை உருவாக்கியவர்கள் விரும்பும் உச்சரிப்பு. அதில் சுட்டிக்குறியின், அதாவது திரையில் சுட்டியோடு நகரும் குறியின், வடிவத்தை வரையறுக்கும் வசதியை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்; செயலியின் பெரும்பகுதி நேரத்தை அதுதான் விழுங்கியது.

ஆயத்த வடிவம் போதுமென்றால் வேலை ஒரே வரியில் முடிந்துவிடும். அம்பு, குறுக்குக்கோடு, காத்திருப்பு, விரல் நீட்டிய கை, தடைக்குறி என 22 வடிவங்கள் பெயரோடு தரப்பட்டுள்ளன. சாளரம், பொத்தான் போன்ற எந்த உறுப்புக்கு வேண்டுமோ அதன் ‘செட்கர்சர்’ செயற்கூற்றை அழைத்தால் போதும். தனக்கென வடிவம் குறிக்கப்படாத உறுப்பு, தன்னைத் தாங்கும் உறுப்பின் வடிவத்தையே எடுத்துக்கொள்வதால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுத வேண்டியதில்லை. படத்தை வரைவது இயங்குதளம் என்பதால், விண்டோஸில் சுழலும் வளையமாகத் தெரியும் காத்திருப்புக் குறி மேக்கில் வண்ணப் பந்தாகத் தெரியும். பெயர்களில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மேல் இடது மூலையையும் கீழ் வலது மூலையையும் இழுப்பதற்கான குறியை ‘எஃப்டயாக்’ என்றும், மற்ற இரு மூலைகளுக்கானதைப் ‘பிடயாக்’ என்றும் வைத்திருக்கிறார்கள். ‘ஃபார்வர்டு ஸ்லாஷ்’ என்றதும் வலப்பக்கம் சாய்ந்த கோட்டை நினைத்துப் பழகிய எனக்கு இது நேர்மாறாக இருப்பதால், இன்றும் ஆவணத்தைத் திறந்து பார்த்தே எழுதுகிறேன்.

அந்த 22-இல் பேனா இல்லை. ஆகவே 32-க்கு 32 பிக்சலில் ஒரு சிவப்புப் பேனாவை நானே வரைந்தேன்; எல்லாத் தளங்களும் ஏற்கும் அளவு என்று கியூட் ஆவணமே பரிந்துரைப்பதும் இதைத்தான். முனை கீழ் இடது மூலையில் இருந்தது. வகுப்பில் போட்டுக் காட்டியபோது ஒரு சிறுவன், “அண்ணா, பேனா இங்க இருக்கு, கோடு அங்க வருது” என்றான். பார்த்தால், ‘ழ’வின் புள்ளிக்கோட்டின்மீது முனையை வைத்து அவன் கவனமாக இழுக்க, மை அதற்கு மேலே வலப்பக்கம் விலகிப் படிந்திருந்தது. பக்கத்தில் இருந்த சிறுமியோ, முனையைப் புள்ளிகளுக்குக் கீழே இடப்பக்கம் தள்ளிப் பிடித்து ஈடுகட்டவும் பழகிவிட்டிருந்தாள்.

பிழை என்னுடையதுதான். சொடுக்கு எந்தப் பிக்சலில் விழுகிறது என்பதைக் குறிக்கும் ‘ஹாட்ஸ்பாட்’ இரண்டு எண்களாகத் தரப்பட வேண்டும். தராவிட்டால் கியூட் படத்தின் நடுப்புள்ளியை எடுத்துக்கொள்ளும். குறுக்குக்கோட்டுக்கு நடுப்புள்ளி சரி, பேனாவுக்குச் சரியன்று. படத்தின் மேல் இடது மூலையிலிருந்து வலப்புறமாகவும் கீழ்நோக்கியும் எண்ணினால், என் பேனாவின் முனை (2, 29) என்ற இடத்தில் இருக்க, மை (16, 16) என்ற இடத்திலிருந்து வழிந்தது. அதாவது 14 பிக்சல் வலப்புறம், 13 பிக்சல் மேலே. இரண்டு எண்களைச் சேர்த்ததும் கோடு முனைக்கே வந்தது. ஆவணத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. ஆனாலும் சொந்தப் படம் கொடுப்பவரிடம் இந்த எண்களைக் கட்டாயமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

வண்ணப் படத்துக்குப் பதிலாக, கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றையும் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்பதைக் குறிக்கும் மறைப்புப் படம் ஒன்றையும் இணைத்துத் தரும் பழைய முறையும் உண்டு. அதில் ஒரு சேர்க்கை விண்டோஸில் மட்டும் பின்னணியைத் தலைகீழ் நிறமாக்கும். பிற தளங்களில் விளைவு வரையறுக்கப்படவில்லை. புதிதாக எழுதுபவர் இதைத் தொட வேண்டியதில்லை.

செயலி முழுவதற்கும் தற்காலிகமாக ஒரு வடிவத்தைத் திணிக்கும் ‘செட்ஓவர்ரைடுகர்சர்’ பயனுள்ளது, ஆனால் கண்டிப்பானது. அழைப்புகளை அது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கிறது. எத்தனை முறை வைத்தோமோ அத்தனை முறை எடுத்தாக வேண்டும். பிள்ளைகளின் படங்களைச் சேமிக்கும்போது காத்திருப்புக் குறியை வைத்தேன். கோப்பு எழுதுவதில் பிழை நேர்ந்த ஒரு நாள், எடுக்கும் வரிக்குப் போகாமலேயே நிரல் வெளியேறிவிட்டது. “தம்பி, இன்னும் சுத்திக்கிட்டே இருக்கே” என்று ஆசிரியை அழைத்தபோது, சேமிப்பு தோல்வியடைந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. இப்போது எடுக்கும் வரியை, பிழை நேர்ந்தாலும் இயங்கும் ‘ஃபைனலி’ பகுதிக்குள் வைத்திருக்கிறேன்.

பைத்தானோடு இலவசமாக வரும் டிகே கருவித்தொகுப்பையும் இடையில் முயன்றேன். லினக்ஸ் போன்ற தளங்களில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் விண்டோ முறையின் சுட்டிக்குறி எழுத்துருவில் உள்ள 77 வடிவங்களின் பெயர்களை அது ஏற்கிறது. சிலந்தி, காப்பிக் குவளை ஆகியவற்றோடு பென்சிலும் அவற்றில் அடக்கம். பிள்ளைகள் சிலந்தியைத்தான் கேட்டார்கள். ஆனால் அந்த எழுத்துரு வடிவங்களுக்கு முன்னணி, பின்னணி என இரண்டே நிறங்கள். எனக்கோ பேனாவின் நிறமும் மையின் நிறமும் ஒன்றாகத் தெரிய வேண்டும். ஆகவே கியூட்டுக்கே திரும்பினேன். சிவப்பு, நீலம், பச்சை என இப்போது வகுப்பில் மூன்று பேனாக்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஹாட்ஸ்பாட் (2, 29).