கிலாவேயா ஊற்று: முன்னாலேயே போய் உட்காருவதா, கோடு திரும்பியதும் கிளம்புவதா?

ஹவாய் தீவின் ஹிலோ ஊரில் இருக்கும் எங்களுக்கு 2025 முழுக்க ஒரே கேள்விதான்: அடுத்த ஊற்று (உருகிய பாறையான லாவா பீய்ச்சி எழுவது) எப்போது? 2024 டிசம்பர் 23 அதிகாலையில் கிலாவேயா எரிமலை உச்சியின் ஹலேமாஉமாஉ பள்ளத்தில் தொடங்கிய வெடிப்பு, விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. ஒரு வருடம் நிறைவதற்குள் 38 தடவை லாவா பொங்கிவிட்டது. சில தடவை 300 மீட்டருக்கு மேலேயும் எழுந்தது.

பார்ப்பதற்கு மூன்று வழி. லாவா ஏறி இறங்கும் முன்னோட்டம் தெரிந்ததுமே தேசியப் பூங்காவுக்குப் போய் விளிம்பில் காத்திருக்கலாம். வீட்டில் இருந்தபடி, எரிமலை உச்சியின் நிலம் சாய்வதைக் காட்டும் சாய்வு வரைபடத்தைப் பார்த்து, அதன் கோடு கீழே திரும்பியதும் கிளம்பலாம். இல்லை, கிளம்பாமலே நேரலையில் பார்க்கலாம். மூன்றையும் செய்து பார்த்துவிட்டு இப்போது இரண்டாவதில் நிற்கிறேன்.

நேரலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் கேமராக்கள் ராத்திரி பகலாக ஓடுகின்றன, படமும் நன்றாக இருக்கும். சத்தம் மட்டும் வராது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் சரி. மற்றபடி, 30 மைல் தூரத்தில் இருந்துகொண்டு இதோடு நிறுத்திக்கொள்வது எனக்கு மனசு வராத காரியம். அந்த உறுமல் காதில் விழுவதற்கு முன்னால் நெஞ்சில் விழும். பள்ளத்தின் விளிம்பில் தள்ளி நின்றும் முகத்தில் சூடு தெரியும்.

முன்னாலேயே போவதில் ஒரு அழகு இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஊற்று எழுவதற்கு முன் லாவா வாய் வரைக்கும் ஏறி, கொஞ்சம் வழிந்து, சட்டென்று உள்ளே வடிந்துவிடும். அடியில் வாயு சேரச் சேரத் தூக்குகிறது, வாயு வெளியேறியதும் இறங்குகிறது. பால் பொங்கி வரும்போது அடுப்பைக் குறைத்தால் எப்படி அடங்குமோ அப்படி. திரும்பத் திரும்ப நடக்கும். ஆனால் இது சில மணி நேரத்திலும் முடியும், நாள்கணக்கிலும் இழுக்கும். ஒரு தடவை நானும் மனைவியும் பள்ளத்தைப் பார்க்கும் உவேகஹுனா என்ற இடத்தின் விளிம்பில் இரண்டு ராத்திரி இருந்தோம். 4,000 அடி உயரம், மழைத்தூறல், போர்வை முழுக்க ஈரம். மூன்றாம் நாள் காலை வீட்டுக்கு வந்து படுத்தேன். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. "ஏங்க, எழுந்திருங்க. அது வந்துடுச்சு" என்று அவள் உலுக்கினாள். அன்றைக்குத் திரும்பிப் போக உடம்பில் தெம்பு இல்லை.

அதற்குப் பிறகுதான் சாய்வு வரைபடத்தை ஒழுங்காகப் படிக்கக் கற்றுக்கொண்டேன். என் முடிவைத் தீர்மானித்ததும் அதுதான். அடியில் மாக்மா (இன்னும் வெளியே வராத லாவா) சேரும்போது உச்சி மெல்ல உப்புகிறது. உவேகஹுனாவில் புதைத்திருக்கும் சாய்வுமானி அந்த உப்பலை மைக்ரோரேடியன் கணக்கில் அளக்கிறது. ஒரு கிலோமீட்டர் நீளப் பலகையின் ஒரு முனைக்கு அடியில் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் எதையாவது செருகினால் பலகை எவ்வளவு சாயுமோ, அதுதான் ஒரு மைக்ரோரேடியன். ஊற்று ஓய்ந்திருக்கும் நாட்களில் கோடு நிதானமாக ஏறும். போன ஊற்றில் இறங்கியதை ஏறக்குறைய முழுக்க மீட்டுவிட்டால் அடுத்தது பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். ஊற்று எழும் நேரத்தில் கோடு செங்குத்தாகக் கீழே விழும்.

ஹவாய் எரிமலை ஆய்வகம் தினசரி அறிக்கையில் 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிக்குள்' என்று ஒரு கணிப்பும் தருகிறது. 1912 முதல் இந்த மலையைப் பார்த்துவரும் ஆய்வகம் அது. கணிப்பை வைத்து லீவு போடுவதையும் வண்டிக்கு எண்ணெய் நிரப்புவதையும் முடிவு செய்கிறேன். கிளம்பும் நேரத்துக்கு மட்டும் கோடுதான். சின்னச் சின்ன இறக்கங்கள் ஏமாற்றும் என்பதால் கேமராவையும் கூடவே பார்த்துக்கொள்வேன்.

கோடு திரும்பியபின் கிளம்பினால் தாமதமாகாதா என்று கேட்பார்கள். 2025-இன் பிற்பாதியில் ஊற்றுகள் பெரும்பாலும் அரை நாளுக்குள் முடிந்தன, நிற்கும்போது திடீரென்றுதான் நின்றன. ஆனாலும் ஹிலோவிலிருந்து முக்கால் மணி நேரப் பயணம் அதற்குள் அடங்கிவிடுகிறது. இழப்பது ஒன்றுதான்: முதல் சில நிமிடங்கள். இருட்டில் ஒரு பொறி தூணாக எழும் அந்தத் தருணம் எனக்கு இதுவரை நேரில் வாய்க்கவில்லை. அது வருத்தம்தான்.

ராத்திரியிலோ விடிகாலையிலோ தொடங்கினால் உடனே வண்டியை எடுப்பேன். சனி, ஞாயிறு பகலில் என்றால் பார்க்கிங் நிரம்பி, நுழைவாயிலில் வரிசை நீண்டுவிடும். அப்போது டெவஸ்டேஷன் பாதையருகே வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மைல் நடந்து கேயனாகாகோய் என்ற பார்வையிடத்துக்குப் போவதைத்தான் யோசிப்பேன்.

இந்தக் கணக்கெல்லாம் ஹிலோ பக்கத்துக்கு. தீவின் மேற்குக் கரையில், கோனாவில் இருப்பவர்களுக்கு ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் ஆகும். அவர்கள் முன்னாலேயே வந்து தங்குவதுதான் நல்லதோ என்னவோ. காற்று விஷயத்திலும் என் அனுபவம் குறைவு. வழக்கமான வடகிழக்குக் காற்று புகையையும் கல்பொடியையும் தென்மேற்கே தள்ளிவிடும், நான் போனதெல்லாம் அப்படிப்பட்ட நாட்களில்தான். தெற்குக் காற்று அடித்த ஒரே ஒரு நாள் போனேன். பத்து நிமிடத்தில் தொண்டை கரகரத்துத் திரும்பிவிட்டேன். வண்டிக் கண்ணாடி முழுக்கப் பேலேயின் கூந்தல்: எரிமலைத் தெய்வம் பேலேயின் பெயரால் அழைக்கப்படும், லாவா இழுபட்டு உறைந்த, தங்க நிறக் கண்ணாடி இழை. வைப்பரைப் போட்டால் கண்ணாடியில் கீறல் விழும் என்பதால் குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். ஒரு இழை மட்டும் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அது பேலேயின் வீட்டைச் சேர்ந்தது, நாங்கள் எதையும் எடுத்து வைத்துக்கொள்வதில்லை. பூங்கா வாசலுக்கு முன்பே நிறுத்தி, ஊதிவிட்டு வந்தேன்.