லோயர் ஆர்ம் மாற்றி 34,000 கிலோமீட்டர்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம் மலைப்பாதை ஏறித் தாளவாடி வரை மாதம் இரண்டு தடவை போய்வருகிறேன். மாமனார் ஊர். 27 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது அடிக்கடி பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும். வண்டி, 2013ஆம் வருட பெட்ரோல் ஹேட்ச்பேக்.

62,000 கிலோமீட்டரில் முன்பக்கம் இடதுபுறம் ‘டொக்’கென்று ஒரு சத்தம். பெரிய வேகத்தடையில் வராது, சின்னக் குழியில் மெதுவாக இறங்கினால் வரும். ஷாக் அப்சார்பர் போச்சு என்று நினைத்தேன். ஒரு பட்டறையில் லிங்க் ராடு மாற்றினார்கள், சத்தம் பாதி குறைந்தது. அப்புறம் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. இடது டயரின் உள்விளிம்பு மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது.

சின்னக் கார்களில் முன்சக்கரத்தை மேலே ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்தது) பிடித்துக்கொள்ளும், கீழே லோயர் ஆர்ம். கண்ட்ரோல் ஆர்ம் என்பதும் இதைத்தான். என் வண்டியில் அது ‘எல்’ வடிவம்: சட்டத்தோடு சேரும் இரண்டு இடத்தில் ரப்பர் புஷ் (நடுவில் உலோகக் குழாய் வைத்த ரப்பர் உருளை), சக்கரத்தின் பக்கம் பால் ஜாயின்ட் (எந்தப் பக்கமும் திரும்பும் உருண்டை மூட்டு). பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் தள்ளப்படும். அந்த விசையைப் பெரும்பாலும் பின் புஷ்தான் தாங்குகிறது. எனக்குக் கிழிந்திருந்தது அதுதான். சக்கரம் கொஞ்சம் நகர்ந்தாலே டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் கோணம், மாறிவிடும். இழுப்பதும் டயர் தேய்வதும் அதனால்தான்.

காசு மிச்சம் என்று புஷ் மட்டும் அழுத்திப் போடச் சொன்னேன். ஒன்பதே மாதத்தில் மறுபடி ‘டொக்’. ரப்பர் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பெருந்துறைப் பக்கம் ஒரு வயசான மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங் தம்பி, வண்டி தொங்கும்போதே போல்ட்ட முறுக்கிட்டாங்களா?”

ஆமாம், ராம்பில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போதே முறுக்கினார்கள், நானும் பக்கத்தில்தான் நின்றேன். புஷ்ஷின் நடுக்குழாயைப் போல்ட் இறுகப் பிடித்துக்கொள்ளும், ஆர்ம் மேலும் கீழும் ஆடுவதெல்லாம் ரப்பர் முறுகுவதால்தான். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வண்டியைக் கீழே இறக்கினால், சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுகிய நிலையில் இருக்கும். அதற்கு மேல் திம்பம் வேறு. “பாரத்தோட நிக்க வெச்சுத்தானுங்க கடைசி முறுக்கு முறுக்கோணும்” என்றார்.

இந்தத் தடவை இரண்டு பக்கமும் முழு ஆர்மையே மாற்றினேன். பால் ஜாயின்ட் அதோடு சேர்ந்தே வரும். அலைன்மென்ட்டும் பார்த்து எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. முதல் சில வாரம் வண்டி கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தோன்றியது, அப்புறம் பழகிவிட்டது. இன்றைக்கு 34,000 ஓடியாச்சு. பிரேக்கில் நேராக நிற்கிறது, டயர் ஒரே சீராகத் தேய்கிறது.

ஒரு குறை: வலது பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறையில் கிரீஸ் லேசாகக் கசிகிறது. புஷ் கிழிந்தால் சத்தம் போட்டுச் சொல்லிவிடும், எரிச்சலோடு போகும். பால் ஜாயின்ட்டில் தண்ணியும் மண்ணும் புகுந்து தேய்ந்து கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். அதனால் சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் துணியால் துடைத்துப் பார்க்கிறேன். போன வாரம் ஜாக்கியில் ஏற்றிக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தோம், ஆட்டமில்லை. ஆடிக்கு ஊருக்குப் போகுமுன் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.