ப்ரீட் நாய்க்குட்டி எங்கே வாங்குவது: கடையா, தெரிந்த வீடா, ப்ரீடரா, வளர்ந்த நாயா?

குட்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது 'பேப்பர் இருக்கா?' என்றுதான். பேப்பரில் குட்டியின் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யார் யார் என்று இருக்கும், அவ்வளவுதான். இடுப்பு மூட்டு எப்படி, கண் எப்படி என்பதெல்லாம் அதில் வராது. எங்கள் முதல் லாப்ரடாருக்கும் பேப்பர் இருந்தது. இடைத்தரகர் ஒருவர் கூடையில் கொண்டுவந்து கொடுத்தார், தாயை நாங்கள் பார்க்கவே இல்லை. பதினான்கு மாதத்தில் படி ஏறாமல் கீழேயே உட்கார்ந்துகொண்டான். எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் உருண்டை இடுப்பு எலும்பின் கிண்ணத்துக்குள் சரியாக உட்காரவில்லை. வேகமாக எடை ஏறவிட்டாலும் அது மோசமாகும் என்றாலும், வேர் பரம்பரையில்தான் இருக்கிறது.

கடையிலோ இடைத்தரகரிடமோ இருக்கும் ஒரே வசதி, இன்றைக்கே தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் குட்டி எட்டு வாரமாவது தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்க வேண்டும், எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தது கத்தும் என்பதை அங்கேதான் கற்றுக்கொள்கிறது. சின்னதாக இருந்தால் சீக்கிரம் விலைபோகும் என்று ஐந்து வாரத்திலேயே பிரித்துவிடுகிறார்கள். பல இடத்துக் குட்டிகளை ஒரே கூண்டில் போடுவதால் பார்வோ என்ற வைரஸ் நோய் தொற்றும் ஆபத்தும் அதிகம். தொற்றிய பிறகு சில நாள் எந்த அறிகுறியும் தெரியாது, வாங்கும்போது துள்ளி விளையாடிய குட்டி வீட்டுக்கு வந்த நாலாம் நாள் வாந்தியும் ரத்தபேதியுமாகச் சுருண்டு படுத்துவிடும்.

தெரிந்தவர் வீட்டில் போட்ட குட்டி இதைவிட எவ்வளவோ மேல். தாயைப் பார்க்கலாம். மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பதினான்காவது வாரம் வரை பழகும் மனிதர்களும் கேட்கும் சத்தங்களும்தான் நாயின் குணத்தில் ஆழமாகப் பதியும். மிக்ஸி ஓடும் வீட்டில், பிள்ளைகள் நடுவே வளர்ந்த குட்டிக்கு அது தானாகக் கிடைத்துவிடுகிறது. இங்கே குறை வேறு இடத்தில். பக்கத்துத் தெருவில் அதே இனத்தில் ஆண் நாய் இருந்தது, சேர்த்துவிட்டோம் என்பார்கள். இரண்டுக்கும் பார்வை நன்றாகவே இருக்கும், ஆனால் விழித்திரை தேயும் நோயின் மரபணுவை இரண்டும் சுமந்துகொண்டிருந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் அந்த நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியைத் தேய்த்துச் செய்யும் ஒரு சோதனையில் முன்கூட்டியே தெரிந்துவிடும் விஷயம் இது.

ப்ரீடர் என்றால் ஓர் இனத்தை இனப்பெருக்கம் செய்து குட்டி கொடுப்பவர், அந்தச் சோதனையைச் செய்பவர்தான் நல்ல ப்ரீடர். நாய்க்கு இரண்டு வயது ஆகி, இடுப்பு எக்ஸ்ரே பார்த்த பிறகே இனச்சேர்க்கைக்கு விடுவார், அந்தத் தாளைக் கையில் கொடுப்பார். நாம் கேட்பதைவிட அவர் கேட்கும் கேள்விகள் அதிகம்: பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள். வளர்க்க முடியாமல் போனால் எந்த வயதிலும் திரும்ப வாங்கிக்கொள்வேன் என்று எழுதித் தருவார். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சரி, பத்துப் பன்னிரண்டு வருடம் கூட இருக்கப்போகிற ஜீவனுக்காக அது பெரிய விஷயமே இல்லை. அப்புறம், எந்த நேரமும் எல்லா இனத்திலும் 'ஸ்டாக்' வைத்திருப்பவரை நான் ப்ரீடர் என்று சொல்லவே மாட்டேன். பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான இனம் என்றால், பெற்ற நாய்களைக் கொஞ்ச தூரம் நடக்கவைத்துப் பாருங்கள். அதற்கே குறட்டைச் சத்தத்தோடு மூச்சு வாங்கினால், எத்தனை சான்றிதழ் காட்டினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

யாரும் யோசிக்காத வழி ஒன்று இருக்கிறது, என் ஓட்டு அதற்குத்தான்: வளர்ந்த நாய். ப்ரீடர் ஓய்வு கொடுத்த தாய் நாய்களும், வளர்க்க முடியாமல் விட்டுப்போன ப்ரீட் நாய்களும் கிடைக்கும். குணம், மூட்டு, மூச்சு எல்லாம் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியும், யூகிக்க வேண்டியது குறைவு. புது வீட்டோடு ஒட்டாது என்று பயமுறுத்துவார்கள். எங்கள் இரண்டாவது நாய் ஐந்து வயதில் வந்தாள். முதல் மூன்று நாள் கதவருகிலேயே படுத்திருந்தாள், கிண்ணத்தில் வைத்ததை நாங்கள் உள்ளே போன பிறகுதான் தொட்டாள். நாலாம் நாள் காலையில் கண் விழித்தபோது என் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.