தோலோடு நிறுத்தால் ஒன்று, உரித்து நிறுத்தால் வேறொன்று: ஐந்து ஸ்வீட் கார்ன் ரகங்களோடு மூன்று வருடம்

மாரண்டஹள்ளியிலிருந்து ராயக்கோட்டை போகிற வழியில் எங்கள் நிலம். மூன்று ஏக்கர் செம்மண், கிணற்றுப் பாசனம், சொட்டுநீர். பாலக்கோடு வட்டத்தில் யாரைக் கேட்டாலும் தக்காளிதான் பேச்சு. தக்காளி விலை விழுந்து, பறிக்கும் கூலிகூடக் கட்டாமல் செடியிலேயே விட்ட ஒரு வருடத்தில்தான் ஸ்வீட் கார்ன் பக்கம் திரும்பினேன். எழுபது, எண்பது நாளில் கையில் காசு, கதிர் எடுத்த பிறகு நிற்கும் தண்டும் இலையும், அதாவது தட்டு, மாட்டுக்கு என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. எந்த விதையைப் போடுவது என்பதில்தான் நிறைய அலைந்தேன். மூன்று வருடத்தில் ஆறு தடவை ஐந்து ரகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் விதைத்து, நிறுத்து, வேகவைத்துத் தின்று பார்த்திருக்கிறேன். அந்த அனுபவம்தான் இது.

கம்பெனிப் பெயர் எழுதப்போவதில்லை. ஒரே பெயர் போட்ட பொட்டலம், ஒரு பட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு முளைத்தது, அடுத்த பட்டத்தில் அறுபதுகூட வரவில்லை. பொட்டலத்தின் பின்பக்கம் இருந்த பரிசோதனைத் தேதியை அதற்குப் பிறகுதான் படித்தேன். என் மண்ணில் நடந்தது அரூர் மண்ணிலும் நடக்கும் என்று சொல்லவும் மாட்டேன். எங்கள் நிலத்தில் வேலை செய்யும் அக்காக்கள் வைத்த பெயர்களிலேயே சொல்கிறேன்: ஆளுயரம் தாண்டும் நெட்டை, முதலில் பூக்கும் சீக்கிரி, நுனியில் மணி பிடிக்காத மொட்டைமூக்கு, மஞ்சளும் வெள்ளையும் கலந்த இருநிறம், இடைப்பட்ட உயரத்தில் நிற்கும் நடுவாள்.

முதல் பட்டத்தில் ரகத்துக்கு ஒரு பட்டையாக ஐந்து பட்டை போட்டேன். நெட்டைதான் அள்ளியது. கதிரைக் கையில் பிடித்தாலே கனம் தெரிந்தது. அடுத்த பட்டத்தில் யோசிக்காமல் ஒரு ஏக்கர் நெட்டை போட்டேன். முதல் தடவை பார்த்த கனம் பாதிக் கதிரில்தான் இருந்தது. என்ன பிசகு என்று யோசித்தபோது அம்மாதான் கண்டுபிடித்தாள். "நீ போன தடவை அதைப் போட்ட இடம் பழைய எருக்குழி கண்ணு. அங்க எதைப் போட்டாலும்தான் வரும்." உண்மைதான். நான் ரகத்தை அளக்கவில்லை, எருக்குழியை அளந்திருக்கிறேன்.

பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சிக்குப் போனபோது, ஒவ்வொரு ரகத்தையும் நிலத்தின் மூன்று இடங்களில் வைக்க வேண்டும், எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். அதிலிருந்து பத்து சென்ட் ஒதுக்கிவிட்டேன். ஒரு பாத்திக்கு ஆறு வரிசை, ஐந்து மீட்டர் நீளம். வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25. ஓர வரிசைகளுக்கு வெயிலும் காற்றும் கூடுதலாகக் கிடைப்பதால் அவற்றை நிறுப்பதில்லை. நடு நாலு வரிசைதான் கணக்கு. ஐந்து ரகம், மூன்று இடம், பதினைந்து பாத்தி. சீட்டை எடுப்பது எங்கள் வீட்டுச் சின்னவள். அவள் எடுத்ததை நான் மாற்றுவதில்லை. ஒரு பட்டத்தில் நடுவாளின் இரண்டு பாத்தி கல் மேட்டில் விழுந்தது, அப்படியே விட்டேன்.

விதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேயே தோற்றுப்போகிறோம். இன்று கடையில் கிடைக்கும் ஸ்வீட் கார்னில் பெரும்பாலானவை அதிஇனிப்பு வகை. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லாக்னன் என்ற விஞ்ஞானி 1950களில் இனிப்புக்கு உதவும் என்று கண்டு சொன்ன ஒரு மரபணுத் திரிபு இதன் அடிப்படை. மணியில் சர்க்கரை மாவாக மாறுவது அதில் தடைப்படுகிறது. தின்ன இனிப்பு, ஆனால் விதைக்குள் முளைக்கும்போது தின்பதற்கு மாவு இல்லை. அதனால்தான் விதை சுருங்கி, காய்ந்த திராட்சை போல, கையில் எடுத்தால் கனமே இல்லாமல் இருக்கிறது. தீவன மக்காச்சோளம் போடுவது போல ரெண்டு அங்குல ஆழத்தில் போட்டால் முளை மேலே வரும் முன்பே பலம் தீர்ந்துவிடும். ஒரு அங்குலம் போதும். மார்கழிக் குளிரில் மண் சில்லிட்டுக் கிடக்கும்போது போடாதீர்கள். நான் குழிக்கு ரெண்டு விதை போட்டு, பன்னிரண்டாம் நாள் ஒன்றைப் பிடுங்கிவிடுவேன். ஏக்கருக்கு 26,000 செடிக்கு மேல் நிற்க வேண்டிய இடைவெளி இது. ஒரு ரகத்தில் சந்து விழுந்து இன்னொன்றில் விழாவிட்டால், கடைசியில் நிறுக்கும் எடைக்கு அர்த்தமே இல்லை.

இப்போது எடைக்கு வருகிறேன். வியாபாரி தோலோடு கிலோக் கணக்கில் வாங்கும்போது நெட்டையை யாரும் மிஞ்சவில்லை. ஆறு பட்டத்தில் நாலில் அதுதான் முதல். சராசரிக் கதிர் 400 கிராம் வரும். ஆனால் உரித்தால் 235 கிராம்தான். மீதியெல்லாம் தோலும் காம்பும். நடுவாள் தோலோடு 350, உரித்தால் 245. சீக்கிரி 290, உரித்தால் 205. தராசில் முதலில் வந்த நெட்டை, உரித்த பிறகு நடுவாளுக்குப் பின்னால் போய்விட்டது. வியாபாரிக்கு இது தெரியாதா? தெரியும். ரெண்டு லோடு வாங்கிய பிறகு மூன்றாவது லோடுக்கு விலையைக் குறைத்துக் கேட்டார். மணி உதிர்த்து விற்பவர்களிடம் நெட்டை எடுபடாது என்றார். கிருஷ்ணகிரி அணைப் பூங்கா பக்கம் வண்டியில் வேகவைத்து விற்கும் ஒருவருக்கோ நெட்டையைத் தவிர வேறு வேண்டாம். "அண்ணா, பச்சைத் தோலோட நீட்டமா நின்னாதான் வண்டி ஓரமா ஆள் நிக்கும்" என்றார். இருவர் சொல்வதும் அவரவர் பிழைப்பிலிருந்து வருவது. யாருக்கு விற்கப் போகிறோம் என்று தெரியாமல் ரகம் கேட்டு யாராவது போன் செய்தால், முதலில் அதைத்தான் திருப்பிக் கேட்கிறேன்.

ருசிதான் எனக்கு அதிகம் பாடம் சொன்ன இடம். இனிப்பு பார்க்கப் பயன்படுத்தும் பிரிக்ஸ் மீட்டர் ஒன்று வாங்கி மணிச்சாறு ரெண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். இருநிறம்தான் மற்ற நாலையும் விட அதிக எண் காட்டியது. அப்படியானால் அதுதான் அதிக இனிப்பு என்று எழுதி வைத்தேன். பறித்த அன்று வேகவைத்தபோது குழைவாக, நன்றாகவே இருந்தது. மறுநாள் தின்றால் சப்பென்று ஆகிவிட்டது. நெட்டையும் நடுவாளும் ரெண்டாம் நாளிலும் இனித்தன. காரணம் பிறகுதான் புரிந்தது. இருநிறம் பழைய வகை ஸ்வீட் கார்ன். அதன் மணியில் சர்க்கரையோடு, நீரில் கரையும் ஒரு வகை மாவுப்பொருளும் நிறைய உண்டு. குழைவு அதனால்தான் வருகிறது. மீட்டர் கரைந்திருப்பதையெல்லாம் சேர்த்துக் காட்டுமே தவிர, சர்க்கரையைத் தனியே பிரித்துக் காட்டாது. ஒரே வகைக்குள் ஒப்பிட மீட்டர் உதவும். வகை மாறினால் நாக்குதான் சாட்சி. பழைய வகையில் பறித்த கதிரின் சர்க்கரை 30 டிகிரிச் சூட்டில் ஒரே நாளில் 60 சதம் வரை போய்விடும், 0 டிகிரிக் குளிரில் வைத்தால் 6 சதம்தான் போகும். குளிர்பதன அறை இல்லாத நாம் சாக்கில் கட்டி, ராத்திரி லாரியில் ஏற்றி, ஓசூர் தாண்டி பெங்களூருக்கு அனுப்புகிறோம். அங்கே மூன்றாம் கைக்குப் போய்ச் சேரும்போது இருநிறத்தில் என்ன மிஞ்சும்? வீட்டுக்கு ஒரு வரிசை போடலாம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இதில் கற்றேன். ரெண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் மகரந்தம் மாறி விழுந்து, ரெண்டிலும் மணி மாவாகிவிடுகிறது. செடி கெடாது, அந்த மணியே கெடும். அதனால் ருசி பார்க்க எடுக்கும் கதிர்களுக்கு மட்டும், கதிர் நுனியில் நூல் நூலாக வரும் பட்டு வெளியே தெரியும் முன்பே காகிதப்பை மாட்டி, அதே ரகத்தின் ஆண்பூவை உதறி மகரந்தம் எடுத்துக் கையால் போட்டுவிட்டேன். பாத்திக்கு ஆறு கதிர், மொத்தம் தொண்ணூறு பை. காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் செய்ய வேண்டிய வேலை. அந்த வாரம் வீட்டில் வேறு எந்த வேலையும் நடக்கவில்லை.

தீவன மக்காச்சோளம் இதைவிடப் பெரிய ஆபத்து. நாமக்கல் கோழிப்பண்ணைகளை நம்பி இங்கே நிறையப் பேர் போடுகிறார்கள். மூன்றாவது பட்டத்தில் மேற்கே பக்கத்துக் கொல்லையில் இருந்த மக்காச்சோளமும் என்னுடையதும் ஒரே வாரத்தில் பூத்தன. ஆடிக்காற்று அந்தப் பக்கமிருந்துதான் வீசுகிறது. மேற்கு ஓரத்துப் பாத்திகளில் கதிருக்குக் கதிர் கெட்டி மணி, மங்கலாக உப்பி நின்றது. அந்தப் பட்டத்தின் தரக் கணக்கை முழுதாக ஒதுக்கிவிட்டேன், எடையை மட்டும் வைத்துக்கொண்டேன். 400 மீட்டர் தள்ளிப் போடு, இல்லையென்றால் மூன்று வாரம் முன்பின்னாகப் போடு என்பார்கள். சின்ன நிலத்தில் 400 மீட்டருக்கு எங்கே போவது? பக்கத்துக் கொல்லைக்காரரிடம் போய், "மாமா, இந்தத் தடவை எப்பப் போடறீங்க?" என்று கேட்டேன். "நீ போட்டுட்டுச் சொல்லு கண்ணு, இருபத்தஞ்சு நாள் கழிச்சு நான் போட்டுக்கறேன்" என்றார். அன்றிலிருந்து அவருக்குச் சொல்லாமல் நான் விதைப்பதில்லை. அவருக்குக் கொடுக்க ஒரு சாக்குக் கதிரும் எடுத்து வைத்துவிடுவேன்.

பறிக்கும் நாளை ரகத்துக்கு ரகம் பிரிக்காமல் ஒப்பிடுவது பெரிய அநியாயம். முதல் ரெண்டு பட்டமும் நான் எல்லாவற்றையும் ஒரே நாளில் பறித்தேன். சீக்கிரி முற்றி, நெட்டை பிஞ்சாக இருந்தது. இப்போது பட்டு வந்த தேதிக்கு ஒரு நிற நூல் கட்டிவிடுகிறோம். அதிலிருந்து சித்திரை வெயிலில் பதினெட்டாம் நாள், தை மாதத்தில் இருபத்திரண்டு, இருபத்து மூன்றாம் நாள் பறிக்கிறோம். நகத்தால் மணியைக் குத்தினால் பால் தெறிக்க வேண்டும். தண்ணீராக வந்தால் பொறுக்கணும், மாவாக வந்தால் நாள் போய்விட்டது. இதில் சீக்கிரிக்கு ஒரு குறை உண்டு: கோடையில் சரியான நாள் ரெண்டுதான் நிற்கும். ஆள் வராத நாளாகிவிட்டால் பாத்தியே போச்சு. நடுவாள் நாலு நாள் பொறுக்கும்.

மொட்டைமூக்கு பெயருக்கு ஏற்றபடிதான். மாசியில் போட்டு சித்திரையில் பூத்தபோது மேலே இரண்டு அங்குலம் வெறும் தண்டு. பூக்கும் வாரம் 35 டிகிரி தாண்டினால் மகரந்தம் செத்துப்போகிறது, பட்டும் காய்ந்துவிடுகிறது. எல்லா ரகத்துக்கும் அந்த அடி விழுந்தது, இதற்குக் கூடுதல். கார்த்திகையில் போட்டபோது இதே ரகம் நுனி வரை நிறைந்து அழகாக வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இதன் தோல் நுனியில் வாய் திறந்தே நிற்கும். கிளி முதலில் இதைத்தான் தேடி வந்தது.

படைப்புழு 2018-இல் இந்தியாவுக்குள் வந்ததிலிருந்து மக்காச்சோளம் போடுகிறவர்களுக்குத் தூக்கம் குறைவு. எந்த ரகமும் அதற்குத் தப்பவில்லை. குருத்தில் வெள்ளைக் கீறல் தெரிந்த உடனே, விதைத்த இருபது நாளுக்குள், எமாமெக்டின் பென்சோயேட் என்ற பூச்சிமருந்தை லிட்டருக்கு 0.4 கிராம் குருத்துக்குள் இறங்கும்படி அடிக்கிறேன். பட்டு வந்த பிறகு மருந்து தொடுவதில்லை, பச்சையாகவே கடித்துத் தின்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் தோல் இறுக்கமாக மூடிய நெட்டையும் நடுவாளும்தான் கதிரைக் காத்தன. நெட்டையின் தடித்த தோலைக் குறையாகச் சொன்னேன், இங்கே அதுவே கவசம். ஆனால் நெட்டை ஆடிக்காற்றில் ஒரு ராத்திரியில் சாய்ந்தது. மூன்றில் ஒரு பங்கு படுத்துவிட்டது.

தட்டைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, மாடு வைத்திருப்பவர்களுக்கு அது பாதி வருமானம். கதிர் எடுத்த அன்றும் இலை பச்சையாக நின்றது நெட்டையும் நடுவாளும். இருநிறம் கார்த்திகைப் பனியில் இலைக்கருகல் வந்து கீழிருந்து காய்ந்துபோனது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தது.

பத்து சென்ட்டில் கிடைத்ததைப் பெருக்கி ஏக்கருக்கு இத்தனை டன் என்று நான் எங்கும் எழுதவில்லை. சின்னப் பாத்தியில் ஒவ்வொரு செடியையும் பேர் சொல்லிப் பார்த்துக்கொள்கிறோம், ஏக்கரில் அப்படி முடியாது. எந்த ரகம் எதற்கு முன்னால் வந்தது என்பதை மட்டும் நம்புகிறேன், அதுவும் மூன்று இடத்திலும் ஒரே மாதிரி வந்திருந்தால்.

இந்தக் கார்த்திகைக்கு முக்கால் ஏக்கர் நடுவாள், கால் ஏக்கர் அணைப் பூங்கா அண்ணாவுக்காக நெட்டை. மாசியில் சீக்கிரி மட்டும், அதையும் பத்து நாள் இடைவெளியில் மூன்று தவணையாக, பறிக்க ஆள் கிடைக்கிற அளவுக்கு. பத்து சென்ட் பாத்தியில் மொட்டைமூக்கையும் இருநிறத்தையும் எடுத்துவிட்டு ரெண்டு புதுப் பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறேன். பின்பக்கத் தேதி பார்த்தாயிற்று. முளைப்பு பார்க்க ஈரச் சாக்கில் நூறு நூறு விதை சுருட்டி வைத்து நாலு நாளாகிறது, நாளைக் காலை பிரித்து எண்ண வேண்டும்.