ஹீப்ரு மெயில் செய்து தருகிறோம் என்பவர்களிடம் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்

ஹீப்ரு வாசகர்களுக்கு மெயில் அனுப்பும் வேலையில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். "வலமிருந்து இடம் எழுதும் மொழிகளில் எங்களுக்கு நல்ல அனுபவம்" என்று சொல்லி, அதற்கெனத் தனிக் கட்டணமும் வாங்கிக்கொண்ட ஒரு நிறுவனம் எங்களை ஏமாற்றிவிட்டது. முடித்த வேலையை ஸ்கிரீன்ஷாட்டாகத்தான் காட்டினார்கள். படத்தில் ஒரு குறையும் இல்லை. மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டோம்.

மெயில் போன பிறகு புகார்கள் குவிந்தன. போனில் பத்தியின் கடைசி வரி மேலே வந்து நிற்கிறது. சிலருக்கு ஒவ்வொரு சொல்லும் பின்னிருந்து முன்னாகத் தெரிகிறது. பார்வையற்ற வாசகர் ஒருவர், ஸ்கிரீன் ரீடர் படிப்பதில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோதுதான் வயிறு எரிந்தது.

மெயிலின் மூலத்தை, அதாவது திரையில் தெரிவதற்குப் பின்னால் இருக்கும் கோடை, திறந்து பார்த்தோம். 'ஷலோம்' என்ற சொல்லில் ஷின், லாமெத், வாவ், மேம் என்ற வரிசையில் எழுத்துகள் இருக்க வேண்டும். இவர்கள் மேமில் தொடங்கி ஷின்னில் முடித்திருந்தார்கள். மொத்த உரையையும் இப்படித் திருப்பிப் போட்டு, இடமிருந்து வலமாகவே காட்டு என்று கட்டாயப்படுத்தும் குறியீட்டையும் சேர்த்திருந்தார்கள். அந்தக் குறியீட்டை மதிக்கும் திரையில் பார்வைக்குச் சரியாகத் தெரியும். வரி மடங்கினாலோ, மெயில் செயலி அந்தக் குறியீட்டை நீக்கினாலோ எல்லாம் குலைந்துவிடும். மெயிலுக்குள் ஒரு சொல்லைத் தேடினாலும் கிடைக்காது.

திருப்பிச் சேமிக்கும் இந்த முறை ஒரு காலத்தில் வழக்கத்தில் இருந்ததுதான். 1993இல் வந்த ஆர்.எஃப்.சி. 1555 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் ஹீப்ரு மெயிலுக்கு அதைத்தான் சொன்னது. இன்று அதற்குத் தேவையே இல்லை. வாசிக்கும் வரிசையிலேயே யூ.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்து, திசை 'ஆர்.டி.எல்.' (வலமிருந்து இடம்) என்று குறித்தால் போதும். எந்த எழுத்து எந்தப் பக்கம் என்பதை, எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுத் தரமான யூனிகோடின் இருதிசை விதிகள் பார்த்துக்கொள்ளும். எண்களைக்கூட அவையே சரியாக இடமிருந்து வலமாக வைக்கும். இவர்கள் 'ஆர்.டி.எல்.' என்று ஓரிடத்திலும் குறிக்கவில்லை.

கேட்டதற்கு, "எங்கள் கணினியில் சரியாகத்தானே தெரிகிறது, மாற்றினால் தனிச் செலவு" என்றார்கள். பணம் இன்னும் திரும்பி வரவில்லை.

ஸ்கிரீன்ஷாட்டை ஏற்காதீர்கள், மெயிலையே அனுப்பச் சொல்லுங்கள். ஒரு சொல்லைக் காப்பி செய்து சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் ஒட்டுங்கள். ஹீப்ருவில் ஐந்து எழுத்துகளுக்குச் சொல்லின் கடைசியில் மட்டும் வரும் தனி வடிவம் உண்டு. அது சொல்லின் இடது ஓரத்தில் நிற்க வேண்டும். வலது ஓரத்தில் நின்றால் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்; மொழி தெரியாதவரும் கண்டுபிடித்துவிடலாம். திசைக் குறிப்பு மேலே ஒரே இடத்தில் இருந்தால் போதாது, சில மெயில் சேவைகள் வெளிப்புற டேக்குகளை (மெயிலின் அமைப்பைச் சொல்லும் குறிகளை) கழற்றிவிடும். உள்ளே இருக்கும் டேபிள் கட்டங்களிலும் அது இருக்கிறதா என்று பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.