டிஜேஐ மினி 4 ப்ரோ: வெளிநாடு போக 249 கிராம் போதுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பயணத்தில் பொழுதுபோக்குக்காக ஒரு ட்ரோன் எடுத்துப்போக நினைப்பவர்களுக்கு இன்றும் நான் கைகாட்டுவது டிஜேஐ மினி 4 ப்ரோவைத்தான். ஆனால் ‘249 கிராமுக்குக் கீழ்’ என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அதை மட்டும் நம்பி விமானம் ஏறிவிடாதீர்கள். 250 கிராமை எல்லையாக வைத்துப் பதிவு, தேர்வு விதிகளைத் தளர்த்தும் சில நாடுகளில் அந்த எடை பாதி அலைச்சலை மிச்சப்படுத்தும். சில நாடுகளில் அதை யாரும் கண்டுகொள்ளவே மாட்டார்கள்.

கேமராவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 செப்டம்பரில் வந்த மாடல். 1/1.3 அங்குல சென்சார், 4கே வீடியோ, கேமராவையே 90 டிகிரி திருப்பி நெட்டுவாக்கில் படம் எடுக்கும் வசதி, எல்லாப் பக்கமும் தடைகளை உணரும் திறன். மடித்தால் 15 செ.மீ. நீளம்கூட இல்லை. காலை, மாலை வெளிச்சத்தில் படங்கள் அருமையாக வருகின்றன, இருட்டில் நிழல் பகுதிகள் கொஞ்சம் சொரசொரக்கின்றன. நொடிக்கு 10.7 மீட்டர் வேகக் காற்று வரை தாங்கும் என்கிறது நிறுவனம். கடலோரப் பாறைகளில் நான் அதற்கு வெகு முன்பே இறக்கிவிடுவேன். திரும்பும்போது எதிர்க்காற்று பிடித்தால் பேட்டரி மளமளவென்று இறங்கும்.

இனி எடைக்கு வருவோம். இந்த ட்ரோனுக்கு இரண்டு வகை பேட்டரி உண்டு. சாதாரண பேட்டரி 34 நிமிடம், பிளஸ் பேட்டரி 45 நிமிடம் என்பது நிறுவனத்தின் கணக்கு. பிளஸ்ஸைச் செருகினால் மொத்த எடை 250 கிராமைத் தாண்டிவிடும். நான் விசாரிக்கப் போன ஒரு கடையில் பிளஸ் பேட்டரி போட்ட செட்டைக் கையில் கொடுத்து, “250க்குக் கீழதாங்க, எந்த நாட்டுலயும் பதிவே வேண்டாம்” என்றார்கள். இரண்டுமே தப்பு. விற்கிற இடத்திலேயே இப்படிச் சொல்லி அனுப்பினால், புதிதாக வாங்குகிறவர் அந்நிய மண்ணில் போலீஸ்காரர் முன்னால் என்ன பதில் சொல்வார்? எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம் இது.

வெளியில் வாங்கிப் பொருத்தும் துணைப்பொருட்களிலும் இதே சிக்கல். ஐரோப்பிய விதிப்படி இரவில் பறக்கவிட்டால் ட்ரோனில் பச்சை விளக்கு ஒன்று மின்னிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த விளக்கை ஒட்டும்போது கையில் இருக்கும் ஒரு கிராம் இடைவெளி காணாமல் போய்விடலாம். கணக்கில் வருவது தரையைவிட்டு எழும்பும்போது உள்ள மொத்த எடைதான். எதைப் பொருத்தினாலும் ஒருமுறை எடைத்தராசில் வைத்துப் பாருங்கள். 2025இல் வந்த மினி 5 ப்ரோவின் எடையை 249.9 கிராம், 4 கிராம் கூடலாம் குறையலாம் என்று போட்டிருக்கிறார்கள். அதில் இருப்பது பெரிய சென்சார், படம் இன்னும் நன்றாக வரும். ஆனாலும் ஒவ்வொரு எல்லையிலும் எடையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் 4 ப்ரோவோடு இருக்கிறேன்.

சரி, பதிவு எங்கே வேண்டும்? ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த ட்ரோனுக்கு ‘சி0’ முத்திரை, அதாவது 250 கிராமுக்குக் கீழான வகை. பறக்கவிடுபவர் தேர்வு எழுத வேண்டியதில்லை, கையேட்டைப் படித்திருந்தால் போதும். ஆனால் கேமரா இருக்கிறதே! பொம்மை என்று சான்று பெற்றதைத் தவிர, கேமரா வைத்த எந்த ட்ரோனுக்கும், எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும், அதை இயக்குபவர் தன் பெயரைப் பதிந்தே ஆக வேண்டும். வெளியிலிருந்து வருபவர்கள் முதலில் எந்த உறுப்பு நாட்டில் பறக்கவிடப் போகிறார்களோ அங்கே பதிய வேண்டும். அந்த ஒரு பதிவு மற்ற உறுப்பு நாடுகளிலும் செல்லும். 2023 ஜனவரி முதல் சுவிட்சர்லாந்தும் இந்த விதிகளுக்குள் வந்துவிட்டது. பிரிட்டன் இதில் சேராது.

பதிவு எண் நாட்டின் மூன்றெழுத்துக் குறியில் ஆரம்பித்து நீளமாகப் போகும். கடைசியில் ஒரு சிறு கோடு, அதற்குப் பிறகு மூன்று எழுத்துகள். அந்த மூன்றும் ரகசியம். ஆப்பில் எண்ணை ஏற்றும்போது அவை தேவைப்படும், ட்ரோன் மேல் ஒட்டும் ஸ்டிக்கரில் வரக் கூடாது. பலர் மொத்த எண்ணையும் அப்படியே அச்சடித்து ஒட்டிவிடுகிறார்கள். நான் லேபிள் மெஷினில் சின்னதாக அச்செடுத்து, ட்ரோனின் கைகளை மடக்கும்போது உரசாத பக்கமாகப் பார்த்து ஒட்டியிருக்கிறேன். அடியில் ஒட்டினால் கீழ்ப்பக்க சென்சாரை மறைத்துவிடப் போகிறது, கவனம்.

பதிந்துவிட்டால் எங்கும் பறக்கவிடலாம் என்று அர்த்தமில்லை. எங்கே தடை என்பதை ஒவ்வொரு நாடும் தனி வரைபடத்தில் போட்டு வைத்திருக்கிறது. இத்தாலிக்கு டி-ஃப்ளைட், ஸ்பெயினுக்கு எனைரே ட்ரோன்ஸ், ஜெர்மனிக்கு டிபுல், பிரான்ஸுக்கு ஜியோபோர்ட்டல். பாரிஸ் நகருக்குள் நினைத்த இடத்தில் ட்ரோனை ஏற்ற முடியாது, ரோம் நகரின் மையப் பகுதியிலும் அப்படித்தான். ஜெர்மனியில் எவ்வளவு குட்டி ட்ரோனுக்கும் பொறுப்புக் காப்பீடு (பிறருக்கு நேரும் சேதத்தை ஈடுகட்டுவது) கட்டாயம்.

டிஜேஐ ஆப்பில் எனக்குள்ள பெரிய குறை இங்கேதான். முன்பெல்லாம் விமான நிலையம் போன்ற இடங்களுக்குப் பக்கத்தில் இந்த நிறுவனத்தின் ட்ரோன்கள் மேலே எழும்பவே விடாது. ஐரோப்பாவில் 2024லும் அமெரிக்காவில் 2025 ஜனவரியிலும் அந்தப் பூட்டை எடுத்துவிட்டார்கள். இப்போது எச்சரிக்கை மட்டும் வரும், அதைத் தள்ளிவிட்டு ஏற்றிவிடலாம். அந்தந்த நாட்டு அரசின் விதிதான் கடைசி வார்த்தை என்பது அவர்கள் நியாயம், அதில் தப்பில்லை. ஆனால் ‘ஆப் விட்டது, அதனால் பறக்கவிட்டேன்’ என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. அந்த எச்சரிக்கையிலேயே அரசு வரைபடத்துக்கு ஒரு இணைப்பு கொடுத்திருந்தால் எவ்வளவு உதவியாக இருக்கும்!

உயரக் கணக்கு இன்னொரு சிக்கல், மலைப்பகுதிக்குப் போகிறவர்கள் இதை நிதானமாகப் படியுங்கள். திரையில் தெரியும் உயரம், நீங்கள் ஏற்றிய இடத்திலிருந்து கணக்கிட்டது. ஐரோப்பிய விதியின் 120 மீட்டரோ, ட்ரோனுக்கு மிக அருகில் இருக்கும் நிலப்பரப்பிலிருந்து அளப்பது. செங்குத்தான பாறை விளிம்பில் நின்று 20 மீட்டர் ஏற்றி, நேரே பள்ளத்தாக்குக்குள் 300 மீட்டர் தள்ளி அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழே தரை 400 மீட்டர் ஆழத்தில். திரை 20 என்றுதான் காட்டும், நீங்களோ விதியை எப்போதோ மீறியிருப்பீர்கள். அதே ட்ரோனைப் பாறை முகத்தை ஒட்டியே இறக்கிக்கொண்டு போனால் பிரச்சினை இல்லை, பாறையும் நிலப்பரப்புதானே. படமும் அப்போதுதான் நன்றாக இருக்கும்: பாறையின் வரிகள், அதில் தொங்கும் செடிகள், பின்னால் பள்ளத்தாக்கு. இதைப் புரிந்துகொண்டபின் நான் எடுக்கும் மலைப் படங்களே மாறிவிட்டன.

தூரத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. சிக்னல் 10 கிலோமீட்டர், 20 கிலோமீட்டர் போகும் என்று விளம்பரம் சொல்லும். பெரும்பாலான நாடுகளில் ட்ரோன் வெறும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். இந்தச் சின்ன உருவம் 300 மீட்டர் தாண்டினாலே என் கண்ணுக்குப் புள்ளிதான்.

ஐரோப்பாவுக்கு வெளியே கோடு எங்கெங்கோ விழுகிறது. ஜப்பானில் 2022 ஜூன் முதல் 100 கிராம், அதற்கு மேல் என்றாலே பதிவு. 249 கிராம் அங்கே எந்த வகையிலும் ‘சின்ன ட்ரோன்’ இல்லை, மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளில் அனுமதி இல்லாமல் ஏற்றவும் முடியாது. பிரிட்டனும் 2026 ஜனவரி முதல் 100 கிராமுக்கு இறங்கிவிட்டது, இணையத்தில் தேர்வு எழுதி ஃப்ளையர் ஐடி (பறக்கவிடுபவருக்கான எண்) வாங்க வேண்டும், கேமரா இருந்தால் ஆபரேட்டர் ஐடியும் (ட்ரோனுக்குப் பொறுப்பானவருக்கான எண்) வேண்டும். அமெரிக்காவில் பொழுதுபோக்குக்கு என்றால் 250 கிராமுக்குக் கீழ் பதிவு தேவையில்லை. ஆனால் ‘ட்ரஸ்ட்’ என்ற இலவசத் தேர்வை எழுதி அதன் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். கிராண்ட் கேன்யன், யோசமிட்டி போன்ற தேசியப் பூங்காக்களில் 2014 முதல் எந்த எடைக்கும் தடை. அந்தப் படங்களை மனதில் வைத்துக்கொண்டு ட்ரோன் வாங்குபவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். சிங்கப்பூரில் பதிவு வேண்டாம், ஆனால் விமான நிலையங்கள், விமானப்படைத் தளங்களிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளும், கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டருக்கு மேலும் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. அவ்வளவு சின்ன நாட்டில் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று வரைபடத்தில் பாருங்கள்.

அப்புறம், பறக்கவிடுவது இருக்கட்டும், பெட்டியில் வைத்துக் கொண்டுபோவதே சிக்கலாகும் நாடுகள் உண்டு. மொராக்கோவில் முன் அனுமதி இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே சுங்கத்துறை எடுத்து வைத்துக்கொள்ளும். எகிப்தில் பாதுகாப்பு அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். இந்தியா 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கே தடை போட்டது. சில சமயம் விதி ஒரே வாரத்தில் மாறிவிடும். 2025 ஜூலை இறுதியில் எல்லைச் சண்டை காரணமாகத் தாய்லாந்து நாடு முழுக்க ட்ரோன்களைத் தடை செய்தது. அதனால் டிக்கெட் போடும்போது ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை, அந்த நாட்டு விமானப் போக்குவரத்துத் துறையின் தளத்தையே நேரில் பாருங்கள். பழைய வீடியோக்களை நம்ப வேண்டாம்.

பேட்டரி விஷயத்தில் இந்த ட்ரோன் தங்கம். சாதாரண பேட்டரி ஒன்று 18.96 வாட்-அவர்தான் (அது சேமிக்கும் மின்சாரத்தின் அளவு), விமானங்களில் தனி அனுமதி கேட்கும் 100 வாட்-அவர் பக்கத்திலேயே வராது. உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. முனைகள் எதிலும் உரசாதபடி உறையில் போடுங்கள்.

வாங்குவதென்றால் சாதாரண பேட்டரி மூன்று வரும் செட்டை வாங்குங்கள். ரிமோட்டில், திரை உள்ள ஆர்சி 2 வெயிலில் பளிச்சென்று தெரியும், போனைக் கோக்கும் வேலையும் இல்லை. அதைவிட முக்கியம், போன் கையில் சும்மா இருக்கும். ஒரு கையில் அந்த நாட்டு வரைபடத்தைத் திறந்து வைத்துச் சரிபார்த்துவிட்டு ஏற்றலாம். பயணத்துக்கு அந்த வசதிக்காகவே நான் கூடுதல் காசு கொடுப்பேன்.